பயணிகளுக்கு மட்டும்

காலையிலேயே பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கச் சொல்லிவிட்டாள் கலாவதி.

இறக்கியவன் இளைய மகன் லோகேஷ். ஸ்டூலில் நின்று ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தான். வாங்கி வைத்தவள் மூத்த மருமகள் கலைவாணி. அண்டா, குடம், தவலை, தாம்பாளம். எல்லாவற்றிலும் அவள் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்தின்போது திருமுக்கூடலிலிருந்து அவளோடு வந்த சீர்.

"புளி போட்டுத் தேச்சி வைம்மா," என்றாள் கலாவதி. "உங்கப்பா வீட்டுக்குப் போறப்ப பளபளன்னு போவட்டும். நாங்க கறுக்க விட்டோம்னு பேரு வரக் கூடாது."

கலைவாணி புளியை ஊற வைத்தாள்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில், பயணிகள் நின்று பார்ப்பதற்கென்று ஒரு கைத்தறி போடப் போகிறார்கள். ஆறு மாத வேலை. கலைவாணியின் புருஷன் குமரகுரு நெய்த புடவையைக் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் பார்த்துவிட்டு, கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் சாமுவேல் அவனைத் தன் ஆபீசுக்கு வரவழைத்துப் பேசியிருந்தார். அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்பவன் தறிக்குழியில் உட்காருவான். கரை நூல் ஓடும் நாடாவை வாங்கித் திருப்பி எறியப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து குமரகுருவுக்கு அந்த ஆள் கலைவாணிதான்.

புருஷனும் மனைவியும் போவதாகத்தான் பேச்சு. இருவருக்கும் பாஸ்போர்ட் வந்தது. அவளுடையதில் கணவன் பெயர் என்ற இடத்தில் குமரகுரு என்று இருந்தது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். இரண்டையும் கலாவதி வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் கம்பெனியின் விதி வந்தது. கப்பலில் கால் வைக்கும் எவரும் கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டிருக்க வேண்டும். பயணியானாலும் சரி, பாத்திரம் கழுவுகிறவரானாலும் சரி.

குமரகுரு போட்டிருந்தான். வீட்டுக்குத் தெரிந்து கலைவாணி போடவில்லை. போட்டால் கரு தங்காது என்று கலாவதி தடுத்திருந்தாள். இனிப் போடவும் காலமில்லை. இரண்டு ஊசிக்கும் நடுவே மூன்று மாதம் வேண்டும். கப்பல் அடுத்த மாதம் கிளம்புகிறது.

ஆகவே அண்ணனோடு, ஊசியும் பாஸ்போர்ட்டும் உள்ள தம்பி போவான். கலைவாணி திருமுக்கூடலில் அப்பா வீட்டில் ஓய்வெடுப்பாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவில் மட்டும் அப்படி ஓய்வெடுக்கப் போன பெண்கள் இரண்டு பேர். இருவரையும் யாரும் திரும்ப அழைக்கவில்லை. ஒருத்தியின் புருஷனுக்கு வேறொருத்தியிடம் இப்போது இரட்டைக் குழந்தைகள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. விதியைத் தளர்த்தலாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. மற்றக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டன. இவர்களுக்குத்தான் தயக்கம். ஊசி போடாதவனோடு சாப்பிட உட்கார மாட்டோம் என்கிறார்கள் வயதான பணக்காரப் பயணிகள். இத்தனை பரிசோதனைக்கு நாங்கள் வீட்டிலேயே இருப்போம் என்கிறார்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். பாதி அறைகள் காலி. இன்று மீட்டிங், சாயங்காலத்துக்குள் முடிவு தெரியும், தெரிந்ததும் போன் செய்கிறேன் என்று சாமுவேல் சொல்லியிருந்தார்.

அதனால் அன்று அந்த வீட்டில் எல்லோரும் ஒரே போனுக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு பதிலுக்கு.

*

லோகேஷ் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பாவுக்குக் கோர்வை இழுத்ததோடு சரி. கையை மறுபடி பழக்க லீவு போட்டிருந்தான். பாத்திரங்களை இறக்கிவிட்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. ஒரு விரற்கடை நெய்வதற்குள் குமரகுரு தறியை நிறுத்தினான். உடலும் கரையும் சேரும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"என்னாடா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி."

"வெள்ளைக்காரனுக்கு என்னாண்ணா தெரியப்போவுது. டிசைன்னு சொல்லிடலாம்."

குமரகுரு சிரிக்கவில்லை. உள்பக்கம் திரும்பி, "இந்தா," என்றான்.

கலைவாணி புளிக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். லோகேஷ் எழுந்து இடம் விட்டான். அவள் தப்பான இழைகளைப் பிரித்து எடுத்தாள். பிறகு இருவரும் நெய்தார்கள். ஓட்டை இல்லை.

பிப்ரவரிக்குப் பிறகு குமரகுரு அவளோடு பேசுவது தறியில் மட்டும்தான். அதுவும் ஒற்றைச் சொல். விடு. இழு. பாரு. ஆனால் அவன் விடும் நாடா அவள் விரல்களுக்கு நடுவே வந்து நிற்கும். அவள் கண்ணை மூடியிருந்தாலும் வரும். அதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கலாவதி இல்லாத இடத்தில், சுற்றிலும் தண்ணீர், ஆறு மாதம், இந்தத் தறி. அவன் ஒருநாள் இரண்டு சொல் பேசுவான்.

"ரூல் எடுத்துட்டாங்கன்னா நான்தானே வருவேன்?" என்று கேட்டாள்.

"எடுக்கட்டும், பாக்கலாம்."

"எடுத்துட்டா?"

"கரையைப் பாரு."

அவள் கரையைப் பார்த்தாள்.

பதினோரு மணி வாக்கில் எதிர்வீட்டு வடிவாம்பாள் மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தாள். குங்குமச் சிமிழைச் சின்ன மருமகள் அகிலாவிடம் நீட்டினாள். அடுத்து கலைவாணி நின்றிருந்தாள். வடிவாம்பாள் கலாவதியைப் பார்த்தாள். கலாவதி சிமிழை வாங்கி மூடி வடிவாம்பாள் கையிலேயே கொடுத்தாள்.

"சின்னவ வருவா. பெரியவ ஊர்ல இருக்க மாட்டா."

"எங்க போவுது?"

"ரெஸ்ட்டுக்கு."

வடிவாம்பாளுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. முற்றத்தில் வரிசையாக இருந்த பித்தளைப் பாத்திரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

*

கலைவாணி முற்றத்தில் அண்டாவைத் தேய்த்தாள். அகிலா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். அகிலா லோகேஷின் மனைவி. அவளுக்கு ஒரு பெண் குழந்தை; பள்ளிக்கூடம் போயிருந்தது.

"சொல்லிடப்போறியாக்கா?" அகிலா மெதுவாகக் கேட்டாள்.

கலைவாணி கூடத்துப் பக்கம் பார்த்தாள். கலாவதி அங்கே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அகிலாவுக்கு மட்டும் தெரிந்தது இது: கலைவாணி இரண்டு ஊசியும் போட்டிருந்தாள்.

போன வருடம் இரண்டாவது அலையில் கலைவாணியின் அம்மா, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குள்ளேயே மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனாள். கலைவாணி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். அதன் பிறகு மாமியார் பேச்சைக் கேட்க அவளால் முடியவில்லை. ஓரிக்கை மணிமண்டபத்துக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவளும் அகிலாவும் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். அகிலா போட்டுக்கொண்டதை வீட்டில் சொன்னாள். பிள்ளை பெற்றவள், போடலாம். கலைவாணி சொல்லவில்லை. இரண்டாவது ஊசிக்கும் அதே பொய், அதே ஓரிக்கை.

கலாவதிக்குச் சந்தேகம் வந்தது. அன்றே மருமகளைத் தறியிடம் அழைத்துப் போனாள்.

"தொட்டுச் சொல்லு."

அந்த வீட்டில் தறியைத் தொட்டு யாரும் பொய் சொன்னதில்லை. சொன்னால் தறியில் நீட்டிய பாவு நிற்காது, இழை அறும்; குடும்பமும் நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தைகள்கூடத் தறியைத் தொடச் சொன்னால் திருடிய மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிடும். கலைவாணியும் நெசவாளி வீட்டுப் பெண்தான். அவளும் அதை நம்புகிறவள்தான்.

தொட்டாள். போடவில்லை என்றாள்.

அதற்குப் பின் வயிற்றில் ஒன்று தங்கியது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல். பிப்ரவரியில், மூன்றாம் மாதத்தில் கலைந்தது. டாக்டரம்மாவிடம் ஊசி விஷயத்தைத் தனியாகச் சொல்லிக் கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இப்படி நிறையப் பேருக்கு ஆகிறது, மனசைப் போட்டுக் குழப்பாதே என்றார். கலைவாணி அதைப் புரிந்துகொண்டாள். ஆனால் இரவில் அவள் நினைத்தது ஊசியை அல்ல. தறியைத் தொட்ட கையை.

சொன்னால் கப்பலில் ஏறலாம். ஆனால் சொன்ன நிமிடத்திலிருந்து பிப்ரவரிக்குக் காரணம் அவள்தான். அப்புறம் எந்தப் புருஷனோடு கப்பல் ஏறுவது?

விதி போய்விட்டால் ஒன்றும் சொல்லாமலே ஏறிவிடலாம்.

"எதுக்குச் சொல்லணும்? சாயங்காலம் எடுத்துடுவாங்க," என்றாள் கலைவாணி.

"எடுக்கலைன்னா?"

கலைவாணி அண்டாவைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன்க்கா," என்றாள் அகிலா. "என் பொண்ணு மேல சத்தியம்."

கலைவாணி புளிக் கையாலேயே அவள் முழங்கையைத் தொட்டாள். அகிலாவின் சத்தியத்தை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள்.

அகிலா அவரைக்காயின் நாரை உரித்துப் போட்டாள். அக்காவுக்கு ஊசி உண்டு என்று தெரிந்தால் லோகேஷ் ஷோரூமுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுக்கு வாயைத் திறக்க எந்த அவசியமும் இல்லை.

*

மூன்று மணிக்கு லோகேஷ் போனைப் பார்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தான்.

"எடுத்துட்டாங்களாம்மா."

"யாரு, எதை?"

"ஊசி ரூலை. நியூஸ்ல வந்துகினு இருக்குது. நம்ம கம்பெனிதான்."

கலாவதி ரேடியோவை நிறுத்தினாள். படிக்கச் சொன்னாள். அவன் தலைப்பைப் படித்தான். கப்பல் பயணிகளுக்கு இனி தடுப்பூசி கட்டாயமில்லை. கீழே நீளமாக ஆங்கிலத்தில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவனும் படிக்கவில்லை.

தறிச் சத்தம் நின்றது. குமரகுருவுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அவன் எழுந்து வரவில்லை.

கலாவதி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "சாமுவேல் சொல்லட்டும்," என்றாள்.

கலைவாணி தறியிலிருந்து எழுந்து முற்றத்துக்குப் போனாள். தேய்த்து வைத்த அண்டாவைத் தூக்கி வந்தாள். ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு ஏறினாள். அண்டாவைப் பரணில் வைத்தாள். இறங்கிக் குடத்தைக் கொண்டுவந்தாள். யாரும் உதவவில்லை. அவளும் கேட்கவில்லை. தவலை, தாம்பாளம். எல்லாம் பளபளப்பாகப் பரணுக்குப் போயின.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"லோகேஷ், ஷோரூமுக்குப் போன் பண்ணிடுப்பா," என்றாள். "லீவு வேணாம்னு சொல்லிடு. உன் கைக்கு வண்டி தள்றதுதான் சரி."

லோகேஷ் சிரித்தான். அவனுக்கு அண்ணியின் கிண்டல் பிடிக்கும். அவள் கிண்டல் செய்து மாதக்கணக்காயிற்று.

கலைவாணி அகிலாவைப் பார்த்தாள். கப்பல் தளத்தில் போட்டுக்கொள்ள என்று அகிலா புருஷனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து தெருவெல்லாம் காட்டியிருந்தாள்.

"அந்தக் கூலிங் கிளாஸை எறிஞ்சிடாதே அகிலா. ஆடிசன்பேட்டையில வெயிலு ஜாஸ்தி. ஷோரூம் வாசல்ல நிக்கறப்ப போட்டுக்கட்டும்."

சொல்லும்போது நன்றாக இருந்தது. இவ்வளவு நாள் வாங்கியதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது. கொடுத்த இடம்தான் தப்பு.

அவள் தறிக்குப் போய்விட்டாள்.

அகிலா அரிசி களைந்து உலையில் போட்டாள். தண்ணீர் அளவைச் சரிபார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இப்போது விதி இல்லை. அக்காவின் ஊசியால் இனி அக்காவுக்கு எந்த லாபமும் இல்லை.

"அத்தே," என்றாள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

*

கலாவதி கத்தவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். பின்னால் அகிலா. அதற்கும் பின்னால், எதுவும் புரியாமல் லோகேஷ்.

குமரகுரு தறிக்குழியில் இருந்தான். கலைவாணி நாடாவைக் கையில் வாங்கிய நேரம்.

"தொடு," என்றாள் கலாவதி.

கலைவாணி அகிலாவைப் பார்த்தாள். அகிலா பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தறியைத் தொட்டுகினு சொல்லு. ஊசி போட்டியா, இல்லையா?"

கலைவாணி தறிமரத்தில் கை வைத்தாள்.

"போட்டேன்."

"எத்தினி?"

"ரெண்டும்."

"அன்னிக்கும் இதே கையைத்தானே வெச்சே."

கலைவாணி கையை எடுக்கவில்லை.

"என் பேரனைத் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி எனக்கே மோரு கலக்கிக் குடுத்துகினு இருந்திருக்கே."

"டாக்டரம்மாவைக் கேட்டேன் அத்தே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாங்க."

"டாக்டரம்மா தறியைத் தொட்டா சொன்னாங்க?"

லோகேஷ், "அம்மா, எனக்கும் அகிலாவுக்கும்கூடத்தான் ஊசி போட்டாங்க, யாருக்கு என்னா ஆச்சு," என்று ஆரம்பித்தான். அகிலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

எல்லோரும் குமரகுரு பேசுவதற்காக நின்றார்கள். அவன் மஞ்சள் பட்டில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டான். பிறகு கேட்டான்.

"எந்தக் கை?"

"எது?"

"ஊசி எந்தக் கையில போட்டாங்க?"

"இடது கை."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். நாடா அந்தக் கையில்தான் இருந்தது. எட்டி அதை வாங்கினான். முரட்டுத்தனமாக இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் வாங்கினான்.

"லோகேஷ், வந்து உக்காரு."

"அண்ணா, அண்ணி..."

"உக்காருடா."

லோகேஷ் வந்தான். கலைவாணி எழுந்து சுவரோரம் நின்றாள். அவளைப் போகச் சொல்லவும் யாரும் இல்லை, இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை.

"பாத்திரத்தை மறுபடி இறக்கணும்," என்றாள் கலாவதி. "இந்தத் தடவை அவளே இறக்கட்டும். ஏத்தத் தெரிஞ்சுதே."

அப்போது போன் அடித்தது.

*

தறிப்பலகையின் மேல் இருந்தது போன். குமரகுரு ஸ்பீக்கரில் போட்டான். சாமுவேலின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"குமரகுரு சார், நியூஸ் பாத்திருப்பீங்க."

"பாத்தோம் சார்."

"அதை நம்பி எதுவும் முடிவு பண்ணிடாதீங்க. அது பயணிகளுக்கு மட்டும். டிக்கெட் போகலை, அதனால அவங்களுக்கு எடுத்துட்டாங்க. வேலைக்கு ஏறுறவங்களுக்கு ரெண்டு ஊசியும் கட்டாயம். முன்னைவிட ஸ்டிரிக்ட்டு. காசு குடுக்கறவங்க இருமலாம் சார். நாமதான் இருமக் கூடாது."

அவரே சிரித்துக்கொண்டார்.

அறையில் முதலில் புரிந்துகொண்டவள் அகிலா. அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. ஊசி போட்டவர்கள் மட்டுமே ஏறலாம். அக்கா போட்டிருக்கிறாள். அதை வீட்டுக்கே கேட்கும்படி சொன்னது அவள்தான். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

அடுத்துப் புரிந்தது கலைவாணிக்கு. அவள் புருஷனைப் பார்த்தாள். மறைக்க இனி எதுவும் இல்லை. விலையை முழுக்கக் கொடுத்தாயிற்று. அவன் ஒரு சொல் சொன்னால் போதும்.

"அப்ப உங்க மிஸஸ் வர முடியாது, இல்லைங்களா?" என்றார் சாமுவேல்.

"முடியாது சார்," என்றான் குமரகுரு. "அவ ஊசி போடலை."

அவன் கை தறிமரத்தின் மேல் இருந்தது.

கலாவதி அந்தக் கையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். கலாவதி ஒன்றும் சொல்லவில்லை. பாவில் ஓர் இழைகூட அறவில்லை. மஞ்சள் பட்டு அப்படியே விறைப்பாக நின்றது.

கலைவாணி அதையும் பார்த்தாள். இத்தனை மாதம் இரவில் அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

"சரி, தம்பியே வரட்டும்," என்றார் சாமுவேல். "ஆனா நான் கேட்ட கோர்வை வீடியோ இன்னும் வரலையே சார். ஜனங்க நின்னு பாக்கப்போறது அதைத்தான். தம்பிக்குக் கை வந்துடுச்சா?"

லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துடும் சார்."

"வரலை சார்," என்றாள் கலைவாணி.

சுவரோரத்திலிருந்து வந்து போனுக்கு அருகில் நின்றாள்.

"ஓட்டை விழுது. நான் நல்லா இழுப்பேன். ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன் சார். ஓரிக்கையில."

"யாருங்க அது?"

அவள் குமரகுருவைப் பார்த்தாள். தன் வாயால் சொல்லத் தெரியாததில்லை. அவன் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

குமரகுரு போனைப் பார்த்துப் பேசினான்.

"கோர்வை இழுக்கற ஆளு சார். கூலிக்கு வர்றவங்க."

தெருவில் ஒரு வண்டி பாவுக்குப் போடும் கஞ்சி வாசனையோடு போயிற்று. கலாவதியின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. மகன் அவளைச் சரியான இடத்தில் வைத்துவிட்டான்.

அது நிலைக்கவில்லை.

"என்ன சார் நீங்க," என்றார் சாமுவேல். "வேலை தெரிஞ்ச ஆளு, ஊசியும் போட்டிருக்காங்க. கையில வெச்சிக்கினே தம்பியைச் சொல்றீங்க. எங்களுக்கு அவங்கதான் வேணும். ஏம்மா, பாஸ்போர்ட் இருக்குதா?"

"இருக்குது சார்."

"நாளைக்கு எடுத்துக்கினு ஆபீசுக்கு வந்துடும்மா. லேடீஸுக்குக் கீழ்த்தளத்துல ரூம். நாலு பேரு படுக்கணும், ஜன்னல் இருக்காது. பரவால்லையா?"

"பரவால்ல சார்."

"குமரகுரு சார், உங்களுக்கு மேல ஆம்பளைங்க ரூம். தறியில மட்டும்தான் சேந்து உக்காரணும். ஆனா ஒண்ணு. ஆறு மாசம் வேறொரு பொம்பளையோட உக்காந்து நெய்யறதுக்கு உங்க வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே? அப்புறம் நடுக்கடல்ல போன் பண்ணி அழுதாங்கன்னா, கப்பலைத் திருப்ப முடியாது."

குமரகுரு வாயைத் திறந்தான்.

"சொல்ல மாட்டாங்க சார்," என்றாள் கலைவாணி.

அவள் குனிந்து லோகேஷின் கையிலிருந்து நாடாவை வாங்கினாள். லோகேஷ் எழுந்துகொண்டான். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

கலாவதியின் கை இடுப்பிலிருந்த பீரோ சாவிக்குப் போயிற்று. பிடித்துக்கொண்டது.